விமானத்தில் தின்னலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது: நெடும்பயண உணவு விதிகளின் பின்னணி

2018 ஏப்ரலில் பாரிஸிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு பயணிக்கு, விமானப் பணியாளர்கள் சிற்றுணவாக ஓர் ஆப்பிளைத் தந்தார்கள். பசியில்லாததால், அடுத்த விமானத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக் உறையோடு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மினியாபொலிஸில் இறங்கியதும் சுங்கச் சோதனையில் பழம் அகப்பட்டது. வேளாண் பொருளை அறிவிக்காமல் கொண்டுவந்ததற்காக 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பழத்தைக் கொடுத்ததே விமான நிறுவனம்தானே என்ற வாதம் எடுபடவில்லை.

செய்தியைப் படித்த பலருக்கும் இது கொடுமையாகத் தோன்றியது. விதிப்படி பார்த்தால் அதிகாரி செய்ததில் பிழை காண்பது கடினம். விமானத்துக்குள் இருக்கும்வரை அந்த ஆப்பிள் ஒரு சிற்றுணவு. கதவைத் தாண்டிய கணத்தில் அது இன்னொரு நாட்டின் எல்லைக்குள் நுழையும் வேளாண் இறக்குமதி.

‘விமானத்தில் சாப்பாடு கொண்டுபோகலாமா?’ என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் அது மூன்று கேள்விகள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை, விமான நிறுவனம், இறங்கும் நாட்டின் எல்லைச் சோதனை ஆகிய மூன்று தரப்பும் தனித்தனியே அதற்குப் பதில் சொல்கின்றன. முதலாவது தேடுவது வெடிபொருளை. இரண்டாவது அஞ்சுவது தீயையும் உணவு நச்சையும். மூன்றாவது தடுக்க நினைப்பது கால்நடை நோயையும் பயிர்ப் பூச்சியையும். ஒருவர் தந்த அனுமதி மற்ற இருவரையும் கட்டுப்படுத்தாது.

தட்டில் வருவது எப்போது சமைத்தது?

சொந்த உணவைப் பற்றிப் பேசுமுன், விமான நிறுவனம் தரும் உணவு எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்; விதிகளில் பாதி அங்கிருந்துதான் விளங்கும். 1919 அக்டோபரில் லண்டன்–பாரிஸ் தடத்தில் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் மூன்று ஷில்லிங் விலையில் தந்த குளிர்ந்த உணவுப் பெட்டியே விமான உணவின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. வானில் அடுப்பு மூட்ட முடியாது என்பதால், இன்று சமையல் பெரும்பாலும் தரையில்தான் நடக்கிறது. விமானத்தில் நடப்பது பெரும்பாலும் சூடாக்கல்தான்.

இன்றைய முறைக்குச் ‘சமைத்துக் குளிர்வித்தல்’ என்று பெயர். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பெரிய சமையற்கூடத்தில் உணவை முழுமையாகவோ முக்கால் பதத்திலோ சமைத்து, குளிர்காற்றைப் பாய்ச்சி விரைவாக வெப்பத்தை இறக்கி, ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருந்து, அலுமினியப் பெட்டிகளில் நிரப்பி, டிராலிகளில் அடுக்கி விமானத்தில் ஏற்றுகிறார்கள். வானில் ஓவனில் சுமார் 20 நிமிடம் சூடாக்கியதும் அது தட்டுக்கு வருகிறது. சமைத்ததற்கும் சாப்பிடுவதற்கும் இடையே அரை நாள் முதல் இரண்டு மூன்று நாள்வரை கடந்திருக்கலாம். குழம்பும் கூட்டுமாக ஈரமான உணவே பெரும்பாலும் வருவதற்கும், மொறுமொறுப்பானது எதுவும் வராததற்கும் இதுவே காரணம்.

இவ்வளவு நேர இடைவெளியில் உணவு கெடாமலிருக்க, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட ‘அபாய வெப்பநிலை’யில் அது அதிக நேரம் நிற்கக் கூடாது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது அந்த இடைவெளியில்தான். இந்த விதியை மீறினால் என்னவாகும் என்பதற்கு 1975 பிப்ரவரியில் ஜப்பான் ஏர் லைன்ஸ் விமானம் ஒன்றில் நடந்தது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. டோக்கியோவிலிருந்து அங்கரேஜ், கோபன்ஹேகன் வழியாகப் பாரிஸுக்குச் சென்ற அந்த விமானத்தில் 340க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள். அங்கரேஜில் ஏற்றப்பட்ட காலை உணவான ஹாம் (பதப்படுத்திய பன்றியிறைச்சி) ஆம்லெட்டைச் சாப்பிட்டவர்களில் 197 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அந்த ஹாமைக் கையாண்ட சமையற்காரர் ஒருவரின் விரல்களில் சீழ்கட்டிய கொப்புளங்கள் இருந்ததும், உணவு பல மணி நேரம் போதிய குளிரில்லாமல் வைக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் தெரியவந்தன.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரிமாறுமுன் ஆம்லெட்டுகளை ஓவனில் சூடாக்கவே செய்தார்கள். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் விட்டுச்செல்லும் நச்சு, கிருமி செத்த பிறகும் அழியாது; கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது. ‘நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. தலைமை விமானியும் துணை விமானியும் வெவ்வேறு உணவைச் சாப்பிட வேண்டும் என்ற நடைமுறையைப் பல நிறுவனங்கள் கடைப்பிடிப்பதும் இத்தகைய ஆபத்தை எண்ணித்தான்.

ருசி குறைவது யார் தவறு?

விமானச் சாப்பாட்டில் உப்புமில்லை உறைப்புமில்லை என்ற புகாரில் சமையற்காரருக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியும் அவருடையதல்ல. கேபினுக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதுபோல் இருப்பதில்லை. இயல்பான பறத்தலில் அது அதிகபட்சம் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அழுத்தத்துக்கு இணையாக இருக்கலாம் என்பது விதி; போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடியளவில் இருக்கும். 8,000 அடி அழுத்தம் என்பது கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கு. ஈரப்பதமோ பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே. மூக்கு வறண்டால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் ருசியில் பெரும்பகுதி போய்விடும். சளி பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லுஃப்தான்ஸாவின் வேண்டுகோளின்படி ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், குறைந்த அழுத்தத்தில் வைக்கப்பட்ட விமான உடற்பகுதிக்குள் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தது. உப்பும் இனிப்பும் மங்கலாகத் தெரிந்தன; புளிப்பும் கசப்பும் அவ்வளவாக மாறவில்லை. 2015இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு காரணத்தைக் காட்டினார்கள்: 85 டெசிபல் அளவிலான விமான இரைச்சல் இனிப்புணர்வைக் குறைத்து, தக்காளியிலும் காளானிலும் உள்ள ‘உமாமி’ சுவையைக் கூட்டுகிறது. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள் வானில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இது ஒரு விளக்கம்.

இதன் நடைமுறை விளைவு, வீட்டில் அளவாக உப்பிட்டுக் கட்டிய உணவும் மேலே சப்பென்றுதான் இருக்கும் என்பது. ருசிக்காக மட்டும் சொந்த உணவு கொண்டுபோகிறவர்களுக்கு எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்காது. எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைத் தானே முடிவு செய்ய விரும்புகிறவர்களுக்கே அது உண்மையில் உதவும்.

குறியீட்டைக் கவனித்தால் பாதிச் சிக்கல் தீரும்

சொந்த உணவு தேவைப்படுகிற பலருக்கு, முன்கூட்டியே பதிவு செய்யும் சிறப்பு உணவே போதுமானதாக இருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்களில் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பும், சிலவற்றுக்கு 48 மணி நேரமோ அதற்கும் மேலோ முன்பும் சொல்ல வேண்டும். நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட குறியீடுகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தமிழ் வாசகர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது:

1. ‘எச்.என்.எம்.எல்’ என்பது ‘இந்து உணவு’. பெயரைப் பார்த்துச் சைவம் என்று எண்ணிப் பதிவு செய்தவர்களின் தட்டில் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வந்து நிற்கும். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவ உணவுக்கான குறியீடு.
2. ‘ஏ.வி.எம்.எல்’ என்பதே ஆசியச் சைவம். முட்டை இராது, பால், தயிர் இருக்கலாம்.
3. ‘வி.ஜி.எம்.எல்’ என்பது பாலும் இல்லாத முழுத் தாவர உணவு.
4. ‘வி.எல்.எம்.எல்’ என்பது பாலும் முட்டையும் சேர்ந்த சைவம்.
5. ‘வி.ஜே.எம்.எல்’ என்பது கிழங்கு வகைகள் தவிர்த்த சமண உணவு.

நீரிழிவு, குளூட்டன் ஒவ்வாமை, குறைந்த உப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. டிக்கெட் மாற்றப்பட்டாலோ, விமானம் ரத்தாகி வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றப்பட்டாலோ பதிவு கூடவே வரும் என்ற உறுதி இல்லை. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நிலக்கடலையோ வேறு கொட்டைகளோ அறவே இல்லாத கேபின் என்று எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதில்லை. அவர்களுக்குச் சொந்த உணவு ஒரு தேவையாகவே ஆகிவிடுகிறது.

முதல் வாசல்: பாதுகாப்புச் சோதனை

2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளைப் பானப் புட்டிகளில் மறைத்து அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் முறியடிக்கப்பட்டது. ஒரு கொள்கலத்துக்கு 100 மில்லிலிட்டர், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் என்ற விதி அதன் பின்விளைவு. நவீன ஸ்கேனர் பொருத்திய சில விமான நிலையங்கள் இதைத் தளர்த்தியுள்ளன. ஆனால் புறப்படும் இடத்தில் உள்ள தளர்வு, வழியில் மாறும் விமான நிலையத்தில் செல்லாது. மறுசோதனை அங்கே நடந்தால் அங்குள்ள விதிதான்.

எது திரவம் என்பதில்தான் தகராறு. ஊற்றினால் ஓடுவது மட்டுமல்ல, பூசவோ தடவவோ பிழியவோ முடிகிற எதுவும் திரவக் கணக்கில் சேரும். தயிர், தேன், ஜாம், சூப், குழம்பு, கொட்டைகளை அரைத்த விழுது எல்லாம் அதில் அடங்கும். அதே நிலக்கடலை வறுத்த பருப்பாக இருந்தால் தடையில்லை, அரைத்துப் புட்டியில் அடைத்தால் 100 மில்லிலிட்டர்தான். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே தடவிய ஜாமை அதிகாரிகள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. கைக்குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும், மருத்துவக் காரணமுள்ள உணவுக்கும் விலக்கு உண்டு, ஆனால் தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

உணவைக் குளிரவைக்க எடுத்துச்செல்லும் ஜெல் பொதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கச் சோதனையில் அது கல்லாக உறைந்திருந்தால் திடப்பொருள். ஓரத்தில் இளகிக் குழைந்திருந்தால் திரவம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபின் அது எந்த நிலையில் இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாசல்: கேபின்

பெரும்பாலான நிறுவனங்கள் சொந்த உணவைச் சாப்பிடத் தடை சொல்வதில்லை. தடைகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

1. சூடாக்கித் தர மாட்டார்கள். விமானத்தின் சமையல் பகுதியைப் பணியாளர்கள் ‘கேலி’ என்பார்கள் (தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை). அங்குள்ளவை பெரும்பாலும் சூடான காற்றாலோ நீராவியாலோ இயங்கும் ஓவன்கள். வீட்டு மைக்ரோவேவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் டப்பாவை அதற்குள் வைத்தால் உருகிவிடும். மேலும், எப்போது சமைத்தது என்று தெரியாத உணவைச் சூடாக்கிக் கொடுத்துப் பயணிக்கு நோய் வந்தால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது.
2. தானே சூடாகும் உணவுப் பொதிகளுக்குத் தடை உண்டு. அவற்றிலுள்ள வேதிப்பொருள் நீர் பட்டதும் கடும் வெப்பத்தை வெளிவிடும். மெக்னீசியம் கலந்தவை எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும்.
3. உலர்பனிக்கட்டிக்கு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு; கரையாமல் வாயுவாக மாறும்) வரம்பு உண்டு. ஒருவருக்கு 2.5 கிலோ, அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, வாயு வெளியேற வழியுள்ள பெட்டியில்.
4. சொந்த மதுவைக் குடிக்கக் கூடாது. அமெரிக்க விமானங்களில், பணியாளர் பரிமாறியதைத் தவிர வேறு மதுவை விமானத்தில் அருந்துவது சட்டவிரோதம்.

மணத்துக்கு எழுதப்பட்ட விதி இல்லை, எழுதப்படாத விதி உண்டு. கேபின் காற்றில் ஏறத்தாழப் பாதி வடிகட்டப்பட்டு மீண்டும் உள்ளேயே சுழல்கிறது. அதிலுள்ள ‘ஹெப்பா’ வடிகட்டி கிருமியையும் தூசியையும் பிடிக்கும், மணத்தைப் பிடிப்பது அதன் வேலையல்ல. டப்பாவைத் திறக்குமுன் இதை நினைத்துக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்கு நல்லது.

குறைந்த அழுத்தம் சாப்பாட்டு மேசையிலும் வேலையைக் காட்டும். 8,000 அடி அழுத்தத்தில், அடைத்துவைத்த காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். தரையில் தட்டையாக இருந்த தயிர்க் கோப்பையின் தாள் மூடி கும்மென்று புடைத்து நிற்கும். விளிம்பை அவசரமாகக் கிழித்தால் முதல் துளி சட்டையில் விழும். கோப்பையை நிமிர்த்திப் பிடித்து, ஓரத்தில் சிறு திறப்பு மட்டும் உண்டாக்கிக் காற்று வெளியேறியபின் உரிப்பதே முறை. வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் இதே விதிக்கு உட்பட்டதுதான் என்பதால், வாயுவைக் கூட்டும் பயறும் சோடாவும் நெடும்பயணத்துக்கு நல்ல தேர்வல்ல.

கடிகாரம் புறப்பாட்டில் தொடங்குவதில்லை

விதி எதுவும் தடுக்காவிட்டாலும் உணவு கெட்டுப்போகலாம். மாலை 4 மணிக்குச் சமைத்து, 6 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, 8 மணிக்கு விமான நிலையம் சேர்ந்து, 11 மணிக்குப் புறப்படும் விமானத்தில், கொடுத்ததைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து அதிகாலை 4 மணிக்கு டப்பாவைத் திறந்தால், உணவுக்கு வயது 12 மணி நேரம். பயணியோ அதை ‘ஐந்து மணி நேரப் பயணத்தில் வைத்திருந்தது’ என்று கணக்கிடுவார்.

எளிதில் கெடும் உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சமைத்த சோற்றுக்கு இது மிகவும் பொருந்தும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்து, சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சும் சூட்டுக்கு அசையாது.

எது தாங்கும் என்பதை முடிவு செய்வது ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவு. உணவில் மொத்தம் எவ்வளவு ஈரம் உள்ளது என்பதை இது சொல்வதில்லை. கிருமிகளுக்குப் பயன்படும்படி கட்டுப்படாமல் இருக்கும் நீரையே குறிக்கிறது. தூய நீருக்கு அது 1. நோய்க்கிருமிகள் நச்சு உண்டாக்க ஏறத்தாழ 0.85க்கு மேல் தேவை. கொட்டைகள், பிஸ்கட், உலர்பழம், வறுத்த பயறு ஆகியவை இதற்கு வெகு கீழே இருப்பதால் கவலையில்லை. தேன் நாள்பட்டும் கெடாததற்குக் காரணமும் இதுவே. சோறு, வேகவைத்த முட்டை, இறைச்சி ஆகியவை 1க்கு மிக அருகில் இருப்பவை. வெறும் ரொட்டி ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். அதன் நடுவே முட்டையோ இறைச்சியோ வைத்தால் ரொட்டியின் ஆயுளை மறந்துவிட்டு நடுவில் இருப்பதன் ஆயுளைப் பார்க்க வேண்டும். தோலுரிக்காத முழுப்பழமும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்குக் காத்திருக்கும் சிக்கல் அடுத்த வாசலில்.

மூன்றாம் வாசல்: எல்லை

1957இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முறையாக ஆப்பிரிக்காவுக்கு வெளியே, லிஸ்பன் விமான நிலையத்துக்கு அருகே தோன்றியது. விமானங்களில் மிஞ்சிய உணவைப் பக்கத்திலிருந்த பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நோய் பின்னர் ஐபீரியத் தீபகற்பத்தில் நிலைகொண்டது. அதை ஒழிக்க 1990கள்வரை ஆயிற்று. 2001இல் பிரிட்டனைத் தாக்கிய கோமாரி நோயும், சரியாக வேகவைக்காத கழிவுணவைத் தின்ற பன்றிகளிடமிருந்தே பரவியதாக அறியப்பட்டது. அதைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்தின் உணவுக் கழிவை ஐரோப்பிய ஒன்றியம் மிகுந்த அபாயமுள்ள முதல் வகைக் கழிவாக நடத்தி, எரிக்கவோ ஆழப் புதைக்கவோ சொல்வதன் காரணம் இதுதான். பிரிக்காத பொட்டலத்துக்கும் பெரும்பாலும் அதே கதிதான். விமான நிறுவனத்தின் குப்பைக்கே இவ்வளவு கெடுபிடி என்றால், பயணியின் பையிலுள்ள பாதித் தின்ற சாண்ட்விச்சுக்குச் சலுகை எதிர்பார்க்க முடியாது.

நாடுகளின் விதிகள் வேறுபடும்; அவற்றின் போக்கு இது:

1. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், பெரும்பாலான வெளிநாடுகளிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாலும், அவற்றால் ஆன பண்டங்களும் கொண்டுவரக் கூடாது. குழந்தைப் பால்மாவுக்கும் மருத்துவ உணவுக்கும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு.
2. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவை அறிவித்தே ஆக வேண்டும். 2022 ஜூலையில் பாலியிலிருந்து டார்வின் வந்த ஒருவரின் பையில் முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு காலை உணவு ரொட்டிகளும் ஒரு ஹாம் குரோசானும் இருந்தன. மோப்ப நாய் கண்டுபிடித்தது. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர்.
3. அமெரிக்காவில், வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விமானம் மாறுகிறவரும் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் கடக்க வேண்டும். மற்ற பல நாடுகளில் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருந்துவிட்டால் எல்லை விதி குறுக்கிடாது.

கடையில் வாங்கி முத்திரையிட்ட பொட்டலம் என்பதால் மட்டும் ஒரு பொருள் அனுமதிக்கப்பட்டுவிடாது. அதேபோல, அறிவிக்க வேண்டிய பொருள் எல்லாமே தடைசெய்யப்பட்டதும் அல்ல. அறிவிக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் தண்டிக்கப்படும் குற்றம். படிவத்தில் ‘உணவு உள்ளதா?’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று குறித்தால், அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார், அல்லது எடுத்துக் குப்பையில் போடுவார். மினியாபொலிஸில் அந்தப் பயணி அப்படிக் குறித்திருந்தால், இழப்பு ஓர் ஆப்பிளோடு போயிருக்கும்.